மக்காச்சோளத்துக்கு உரத்தை எங்கே வைப்பது: தூவலா, சாலா, சொட்டுநீரா?

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் பெரம்பலூர் பக்கம் பேச்செல்லாம் மக்காச்சோள விதையும் உரமும்தான். எந்த ரகம் போடலாம், டிஏபி எத்தனை மூட்டை வேண்டும், யூரியா எப்போது வரும் என்று டீக்கடையிலிருந்து உரக்கடை வரை இதையேதான் பேசுகிறோம். ஆனால் அலைந்து வாங்கிவந்த உரத்தை மண்ணில் எந்த இடத்தில் வைப்பது என்ற பேச்சு வருவதே இல்லை. கூடையில் அள்ளி வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். வீசுவதும், சாலில் வைப்பதும், செடிக்குச் செடி வைப்பதும், சொட்டுநீரில் விடுவதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொண்ட பிறகு, வெறுமனே வீசுவதைப் பார்த்தாலே மனம் பொறுப்பதில்லை. இந்தப் பட்டத்துக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பாசன வசதியுள்ள வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 250:75:75. ஏக்கருக்கு மாற்றினால் தழைச்சத்து (நைட்ரஜன்) 100 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 30 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 30 கிலோ என்று வரும். மூட்டைக் கணக்கில் டிஏபி 65 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ, யூரியா நான்கு மூட்டைக்குச் சற்று மேல். மானாவாரிக்கு இதைவிட வெகு குறைவாகத்தான் சொல்கிறார்கள். மண் பரிசோதனை செய்தவர்கள் அந்த அட்டையில் இருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. தழைச்சத்தும் மணிச்சத்தும் மண்ணுக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் “எந்த முறை நல்லது?” என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மணிச்சத்துக்காகப் போடும் டிஏபிக்கு எது, தழைச்சத்துக்காகப் போடும் யூரியாவுக்கு எது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மணிச்சத்து போட்ட இடத்தை விட்டு நகராது. நகர்ந்தாலும் ஓரிரு சென்டிமீட்டர்தான். அதோடு மண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நம் கரிசலில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது, புளிப்பான செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. உரம் எவ்வளவு அதிக மண்ணோடு கலக்கிறதோ அவ்வளவு அதிகம் மாட்டிக்கொள்ளும். இளம் மக்காச்சோளச் செடியின் வேரோ, முதல் மூன்று வாரம் விதையைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்ணுக்குள்தான் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே டிஏபியை வயல் முழுக்க வீசுவது ஏன் வீண் என்று புரிந்துவிடும். அறுபது சென்டிமீட்டர் இடைவெளி விட்ட வரிசைகளுக்கு நடுவில் விழும் உரம் இளம் வேருக்கு எட்டுவதே இல்லை. செடி பெரிதாகி வேர் அங்கே போய்ச் சேரும்போது மண் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். சிறு செடியின் இலை ஓரம் ஊதாவாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போட்ட டிஏபி பக்கத்தில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

தூவி உழுவதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை சீக்கிரம் முடியும், ஆள் கூலி குறைவு, கருவி தேவையில்லை, விதை கருகும் பயமும் இல்லை. மணிச்சத்து ஏற்கெனவே நிறைந்திருக்கும் மண்ணில் எப்படிப் போட்டாலும் விளைச்சல் பெரிதாக மாறாது. இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காதான். அயோவா, இல்லினாய் மாநிலங்களில் ஒரு வருடம் மக்காச்சோளம், அடுத்த வருடம் சோயா என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அங்கே அறுவடை முடிந்த கையோடு இரண்டு பயிருக்கும் வேண்டிய மணிச்சத்தையும் பொட்டாஷையும் சேர்த்தே தூவிவிடுபவர்கள் நிறையப் பேர். அயோவாவில் செய்த சோதனைகளிலும் மணிச்சத்தைத் தூவியதற்கும் மண்ணுக்குள் பட்டையாக வைத்ததற்கும் விளைச்சலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இணையத்தில் இதைப் படித்துவிட்டு “அவர்களே தூவுகிறார்களே” என்று சிலர் கேட்கிறார்கள். வருடக்கணக்காக உரம் போட்டுப் போட்டு மணிச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும் மண் அது. ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபியோடு ஒரு பட்டத்தை ஓட்டுகிற நமக்கு அந்தச் சேமிப்பு இல்லை. போடுவது கொஞ்சம் என்றால், போடும் இடம் இன்னும் முக்கியமாகிறது.

தூவுவதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 2014 ஆகஸ்டில் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். சுமார் 5 லட்சம் பேர் இரண்டு மூன்று நாட்கள் தண்ணீருக்குத் தவித்தார்கள். ஈரீ ஏரியில் படர்ந்த நச்சுப் பாசிதான் காரணம். அந்தப் பாசிக்குத் தீனி, மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற நிலங்களிலிருந்து ஆறு வழியாக வந்து சேர்ந்த மணிச்சத்து. அடுத்த வருடமே உறைந்த நிலத்திலும் தண்ணீர் ஊறி நிற்கும் நிலத்திலும் உரம் தூவக் கூடாது என்று அந்த ஏரிக்கு நீர் போகும் மேற்குப் பகுதிக்குச் சட்டம் போட்டார்கள். மேல்மண்ணில் கிடக்கும் உரத்தை அடித்துக்கொண்டு போக ஒரு பெருமழை போதும். ஐப்பசி மழைக்கு ஓடையில் கலங்கி ஓடும் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும். நம் ஏரி குளங்களுக்கும் அந்தத் தண்ணீர்தானே போகிறது?

சரி, சாலில் வைப்பதற்கு வருவோம். பாசன வயலில் பார் (நீள மண்மேடு) பிடித்து விதைப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது: பாரின் உச்சியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு கீழே, பாரின் பக்கவாட்டில் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கோடு இழுத்து, அதில் உரத்தைச் சீராக இட்டு, 4 சென்டிமீட்டர் மண் போட்டு மூட வேண்டும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் முழு அளவு, தழைச்சத்தில் கால் பங்கு. கேட்க எளிதாக இருந்தாலும் கையால் செய்யும்போது முதுகு ஒடிந்துவிடும். ஒரு ஏக்கரில் 60 சென்டிமீட்டர் வரிசைகளை நீட்டி வைத்தால் கிட்டத்தட்ட 6,700 மீட்டர் வரும், அதாவது ஆறே முக்கால் கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் குனிந்து நடக்க வேண்டும். ஒரு ஏக்கர் அளவு வைத்திருப்பவர் வீட்டு ஆட்களோடு செய்துவிடலாம். ஐந்து ஏக்கர் என்றால் விதையோடு உரமும் போடும் டிராக்டர் கருவியைத்தான் தேட வேண்டும்.

கருவியில் கவனமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் வாடகைக்கு ஒரு விதைப்புக் கருவியை வரவழைத்தேன். அதில் விதைக் குழாயும் உரக் குழாயும் ஒரே கொழுவுக்குப் பின்னால் இறங்கியிருந்தன. விதையும் டிஏபியும் ஒட்டியபடியே விழுந்தன. நான் அதைக் கவனிக்கவில்லை. மண்ணில் ஈரமும் அரைகுறைதான். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாக ஓட்டை. தோண்டினால் விதை உப்பி, முளை கருகிக் கிடந்தது. உரத்தின் உப்பு விதைக்குப் போக வேண்டிய ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்புள்ள கரிசலில் டிஏபியிலிருந்து அம்மோனியா வாயுவும் கிளம்பி முளையைச் சுடும். அந்த வருடம் பாதி வயலில் மறுவிதைப்பு. டிஏபிக்கே இப்படி என்றால் யூரியாவை விதையோடு சேர்த்துப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் கருவி வாடகைக்கு எடுக்கும்போது ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், உரக் குழாய் விதைக் குழாயிலிருந்து தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். விதைக்குப் பக்கவாட்டில் 5 சென்டிமீட்டர், விதைக்குக் கீழே 5 சென்டிமீட்டர். அமெரிக்க விவசாயிகள் இதையே இரண்டுக்கு இரண்டு அங்குலம் என்கிறார்கள். முளைத்த வேர் நான்கைந்து நாளில் உரத்தைத் தொட்டுவிடும், விதைக்கும் சூடு படாது. மானாவாரிக் கரிசலில் இதற்கு இன்னொரு லாபம் உண்டு. மேல்மண் நான்கு வெயிலில் காய்ந்துவிடும், காய்ந்த மண்ணில் கிடக்கும் உரத்தை வேர் எடுக்க முடியாது. பத்து சென்டிமீட்டர் கீழே ஈரம் நிற்கும். அங்கே வைத்த உரம் மழை இடைவெளி விட்டாலும் செடிக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். மானாவாரிக்காரர்கள் எந்தச் செலவைக் குறைத்தாலும் இந்தக் கருவி வாடகையைக் குறைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

துத்தநாகத்துக்கு மட்டும் கதை வேறு. ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து மேலாகத் தூவத்தான் சொல்கிறார்கள். டிஏபியோடு அதைக் கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகி, இரண்டுமே செடிக்கு எட்டாமல் போகும். குருத்து வெளுத்து வருகிற வயல்களில் இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் யூரியா. நம் பக்கத்தில் அதிகம் வீணாவது இதுதான். பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

யூரியா மண்ணில் விழுந்ததும் அங்கிருக்கும் ஒரு நொதி அதை அம்மோனியமாக மாற்றும். ஈரமும் சூடும் இருந்தால் சில நாட்களிலேயே பெரும்பகுதி மாறிவிடும். மண்ணுக்குள் நடந்தால் அம்மோனியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மண்ணின் மேல் நடந்தால் அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். நிலைமை மோசமாக இருந்தால் போட்டதில் கால் பங்குக்கு மேல்கூடப் போகும். சுண்ணாம்புள்ள கரிசலில் இந்த இழப்பு இன்னும் அதிகம். 2015 முதல் யூரியாவெல்லாம் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, அதனால் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. வேம்பு மெதுவாக்குவது இதற்கு அடுத்த படியை. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறி, தண்ணீரோடு கீழே இறங்கிப் போவதை அது தாமதப்படுத்தும். மண்ணின் மேல் கிடக்கும் யூரியா வாயுவாகிப் போவதை அது தடுக்காது.

“மண் ஈரமாக இருக்கும்போதுதான் யூரியா போடணும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அதனால் முதலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மறுநாள் ஈர மண் மேல் வீசுகிறோம். யூரியா கரைய மட்டும் அந்த ஈரம் போதும், கீழே இறங்கப் போதாது. அன்று மதியமே வெயில் அடித்து மேல்மண் உலரும்போது வாயுவும் சேர்ந்து கிளம்புகிறது. தூவித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: யூரியாவைத் தூவிவிட்டு அன்றே தண்ணீர் பாய்ச்சுங்கள். தண்ணீர் அதை மண்ணுக்குள் கொண்டுபோய்விடும். மானாவாரியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு மழை தூவியவுடன் விழுந்தால் இதே வேலையைச் செய்யும். மழை வரும் என்று நம்பித் தூவி, அது வராமல் போனால் நஷ்டம்தான். நிற்கும் பயிரில் தூவுவதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: குருணை குருத்துக்குள் போய் விழுந்து இலையைச் சுட்டுவிடும்.

செடிக்குச் செடி வைப்பதுதான் சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சின்னக் குழி, அதில் யூரியா, மேலே மண். 60க்கு 25 இடைவெளியில் ஒரு ஏக்கரில் 27,000 செடிகள். இருபத்தைந்தாம் நாள் போட வேண்டிய பாதித் தழைச்சத்துக்கு ஏறக்குறைய 109 கிலோ யூரியா. செடிக்கு 4 கிராம், அதாவது மூன்று விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் நான் எவ்வளவு அள்ளி வீசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் 27,000 முறை குனிவதற்கு ஆள் எங்கே? களையெடுப்புக்கே ஆள் கிடைக்காத காலம் இது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்றால் செய்யுங்கள். அதற்கு மேல் இதை யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது.

நான் தேர்ந்தெடுத்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி. இருபத்தைந்தாம் நாள் வரிசையோரமாக, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி யூரியாவைக் கோடாக விட்டுக்கொண்டே போவோம். பின்னாலேயே பவர் வீடர் வந்து களையையும் எடுத்து மண்ணையும் அணைத்துவிடும். ஏர் வைத்திருப்பவர்கள் ஏரிலேயே செய்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் மண் மூடினால் போதும், வாயு வெளியே வராது. எப்படியும் செய்ய வேண்டிய களையெடுப்பும் மண் அணைப்பும்தான் இவை. உரத்துக்கென்று தனிக் கூலி இல்லை. முழங்கால் உயரத்திலிருந்து ஆண் பூ தள்ளும் வரை மக்காச்சோளம் தழைச்சத்தைக் குடிக்கிற வேகம் தனி. அந்த வேகம் தொடங்கும் நேரத்தில் இது கையெட்டும் தூரத்தில் இருக்கும். நாற்பத்தைந்தாம் நாள் கால் பங்கு போடும்போது செடி ஆள் உயரம் வளர்ந்திருக்கும், கருவி உள்ளே போகாது. அப்போது வரிசையோரம் கையால் விட்டு, உடனே தண்ணீர். மானாவாரியில் அந்த நேரம் மழை இல்லை என்றால் நான் அந்தத் தவணையைத் தள்ளிப்போடுவேன்; காய்ந்த மண் மேல் காசைக் கொட்ட மாட்டேன்.

சொட்டுநீர் வைத்திருப்பவர்களுக்கு யூரியா விஷயத்தில் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. உரக் கரைசலை இழுத்துக் குழாய்த் தண்ணீரில் சேர்க்கும் வென்சுரி வழியாக வாரம் ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வேருக்கே போகிறது, காற்றுக்கும் போகாது, கூலியும் இல்லை, செடி ஆள் உயரம் ஆன பிறகும் கொடுக்கலாம். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு முழு மானியம் இருக்கிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உரம் விட்ட பிறகு மணிக்கணக்கில் தண்ணீரைத் திறந்து வைத்தால் தழைச்சத்து வேருக்குக் கீழே போய்விடும். குழாயைக் கழுவ வெறும் தண்ணீர் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மணிச்சத்தை மட்டும் சொட்டுநீரில் விட நான் அவசரப்பட மாட்டேன். கரையும் உரங்களின் விலை அதிகம். நம் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்போடு சேர்ந்து சொட்டுவானை அடைக்கவும் செய்யும். சொட்டுநீர் இருந்தாலும் டிஏபியையோ சூப்பர் பாஸ்பேட்டையோ அடியுரமாகச் சாலில் வைத்துவிட்டு, தழைச்சத்தையும் பொட்டாஷையும் குழாயில் விடுவதே சிக்கனம். பொட்டாஷில் வெள்ளையை வாங்குங்கள், சிவப்பில் கசடு நிற்கும்.

இலையில் தெளிப்பதை உரத்துக்கு மாற்றாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு சதவீத யூரியாக் கரைசல் 200 லிட்டர் அடித்தால் போவது 4 கிலோ யூரியா. தழைச்சத்தாக இரண்டு கிலோகூட இல்லை. பயிருக்கு வேண்டியது 100 கிலோ. முதலில் வந்த நானோ யூரியா அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம் என்று போட்டிருந்தது, அதாவது 20 கிராம் தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறைக்கும் வறட்சியில் செடியைத் தாங்கிப் பிடிக்கவும் தெளிப்பு உதவும். அதைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம்.

மக்காச்சோளத்துக்கு மாற்றுப் பயிராகவோ ஊடுபயிராகவோ சோயா போட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. விதையோடு உரம் ஒட்டி விழுவதை மக்காச்சோளமாவது கொஞ்சம் தாங்கும், சோயா தாங்கவே தாங்காது. அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு விதைச் சாலிலேயே சிறிதளவு திரவ உரம் விடுபவர்கள்கூட சோயாவுக்கு அதைச் செய்வதில்லை. தழைச்சத்தில் பெரும்பகுதியை வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா கொடுத்துவிடும். ஹெக்டேருக்கு 20 கிலோ அடியுரமாகப் போதும், அதற்கு மேல் யூரியா போட்டால் முடிச்சு சோம்பிவிடும். அந்த முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியத்தைக் கலந்து நேர்த்தி செய்த விதையை சூப்பரோடு ஒரே பெட்டியில் கலந்து விதைக்காதீர்கள், புளிப்பில் பாக்டீரியா செத்துப்போகும். மணிச்சத்துக்கு மேலே சொன்ன சால் முறையேதான். கந்தகம் அதற்கு நிறைய வேண்டும், ஜிப்சத்தை மட்டும் தாராளமாகத் தூவி உழலாம்.

இந்தப் பட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்பவர், மானாவாரி என்றால் டிஏபியைக் கருவி வழியாக மண்ணுக்குள் இறக்குங்கள். பாசனம் என்றால் யூரியாவை மண் அணைப்போடு சேருங்கள். அங்கே யூரியாதான் பெரிய செலவு. கருவி எடுப்பவர்கள் விதைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். உரக் குழாயின் அடியில் ஒரு துணிப்பையைக் கட்டி, 50 மீட்டர் அளந்து, விதைக்கும் வேகத்திலேயே டிராக்டரை ஓட்டச் சொல்லுங்கள். 60 சென்டிமீட்டர் வரிசையில் ஏக்கருக்கு 65 கிலோ டிஏபி விழ வேண்டுமானால் அந்தப் பையில் 480 கிராம் இருக்க வேண்டும். ஒரு மூட்டைதான் என்றால் 370 கிராம். எடை கூடினாலோ குறைந்தாலோ உரப்பெட்டியின் கதவைத் திருப்பிவிட்டு, இன்னொரு 50 மீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் தனியாகப் பை கட்டுங்கள், ஒரு குழாய் அடைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.